காசு போனது முன்னே, கணக்கு வருவது பின்னே

வாசகர் கேள்வி – பதில்

அமெரிக்கக் கால்பந்து லீகான என்.எஃப்.எல்.-லின் சம்பள வரம்பு பற்றிப் போன இதழில் அரைப் பக்கம் எழுதியிருந்தோம். ஒரு அணி தன் வீரர்களுக்காக ஒரு வருசக் கணக்கில் ஏற்றக்கூடிய உச்சத் தொகைதான் அந்த வரம்பு. கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்து வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் வந்து முட்டிக்கொண்டு நின்றன: வயசான, பெரிய சம்பளக்கார வீரரை அணி கழற்றிவிட்ட பிறகும் அவர் பெயர் ஏன் கணக்கை விட்டுப் போக மாட்டேன் என்கிறது? மெஸ்ஸி ஆடும் ஆட்டத்தை நினைத்துக்கொண்டு எழுதிய இரண்டு பேர் மன்னிக்கவும். இது முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடுகிற ஆட்டம். கீழே வரும் தொகையில் ஐ.பி.எல். தவிர மற்றதெல்லாம் டாலர். மில்லியனில் சொன்னால் கணக்கு மனசில் நிற்காது என்பதால் கோடியாக்கியிருக்கிறோம். பத்து மில்லியன் ஒரு கோடி.

ஏனுங்க, நம்ம சின்னப்பம்பட்டி நடராஜனை டெல்லி அணி 2025 ஐ.பி.எல். ஏலத்துல 10.75 கோடிக்கு எடுத்துச்சு. விட்டுட்டா அந்தப் பணம் முழுசா ஏலப் பைக்குத் திரும்பிரும். அமெரிக்காவுல மட்டும் ஏன் திரும்ப மாட்டேங்குது? – வாசகர், எடப்பாடி

ஐ.பி.எல்.-லில் ஏலத் தொகை என்பது ஒரு சீசன் சம்பளம். அடுத்த சீசனுக்கு வேண்டாம் என்றால் அந்தச் சம்பளமே இல்லை, பை நிறைந்துவிடும். வெங்கடேஷ் ஐயரைக் கொல்கத்தா விட்டதும் 23.75 கோடி ரூபாய் அப்படியே திரும்பியது. என்.எஃப்.எல். ஒப்பந்தத்தில் பணம் இரண்டு வகை. ஒன்று, ஆடும் வருசத்துக்கு வாராவாரம் தரும் அடிப்படைச் சம்பளம். இன்னொன்று கையெழுத்துப் போடும்போது மொத்தமாகத் தரும் சைனிங் போனஸ். வில்லங்கம் எல்லாம் இரண்டாவதில்.

பல்லடம், சோமனூர் பக்கம் தறி ஓட்ட ஆள் சேர்க்கும்போது முன்பணம் கொடுப்பார்கள். காசு அன்றைக்கே கைமாறிவிடும். நோட்டில் மட்டும் வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் கழியும். சைனிங் போனஸும் அப்படித்தான். ஆனால் கழிவது வீரரின் கூலியில் அல்ல, அணியின் சம்பள வரம்பில். ஒப்பந்தம் எத்தனை வருசமோ அத்தனை சம பங்காக, அதிகபட்சம் ஐந்து பங்காக, வருசத்துக்கு ஒன்று என்று கழித்துக்கொண்டு வருவார்கள். பாதியில் வீரர் போய்விட்டால் மீதிப் பங்குகள் எல்லாம் ஒரே நாளில் வந்து விழும். அதற்குப் பெயர்தான் டெட் மணி. நம் பேச்சில் செத்த காசு.

ஒரு கற்பனை வீரரை வைத்துப் பார்ப்போம். ஐந்து வருச ஒப்பந்தம், சைனிங் போனஸ் 2.5 கோடி. வருசத்துக்கு 50 லட்சம் கழியும். அடிப்படைச் சம்பளம் முதல் வருசம் 20 லட்சம், இரண்டாம் வருசம் 60 லட்சம், மூன்றாம் வருசம் 1 கோடி, நாலாம் வருசம் 1.2 கோடி, ஐந்தாம் வருசம் 1.3 கோடி. இரண்டு வருசம் ஆடினார், முழங்கால் போயிற்று, மூன்றாம் வருச மார்ச்சில் விடலாமா என்று அணி யோசிக்கிறது.

வைத்துக்கொண்டால் அந்த வருசம் அவர் வரம்பில் அடைக்கும் இடம்: சம்பளம் 1 கோடி, போனஸ் பங்கு 50 லட்சம், மொத்தம் 1.5 கோடி. விட்டால் சம்பளம் இல்லை. ஆனால் கழியாமல் நிற்கும் மூன்று பங்கு, மூணு ஐம்பது 1.5 கோடி, உடனே விழும். இரண்டும் சமம். ஆளும் இல்லை, ஒரு டாலர் இடமும் மிச்சமில்லை.

இதே வீரரை இன்னும் ஒரு வருசம் பொறுத்து, நாலாம் வருச மார்ச்சில் விட்டால்? வைத்துக்கொண்டால் 1.7 கோடி, விட்டால் மீதி இரண்டு பங்கு 1 கோடி. 70 லட்சம் இடம் பிறக்கிறது. அமெரிக்கச் செய்திகளில் 'இந்த ஒப்பந்தம் நிஜத்தில் மூன்று வருசம்தான்' என்று எழுதுவது இதை வைத்துத்தான்.

டெட் மணியைப் பலரும் அபராதம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். யாரும் யாருக்கும் புதிதாக ஒன்றும் கட்டுவதில்லை. மேலே சொன்ன 1.5 கோடி இரண்டு வருசத்துக்கு முன்பே அந்த வீரரின் வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது. வீரர் இருந்தாலும் போனாலும் அது அணியின் கணக்கில் ஏறியே தீரும். மூன்று வருசத்தில் ஏறுமா, ஒரே வருசத்தில் ஏறுமா என்பதுதான் பேச்சு. ஆகவே 'இவ்வளவு டெட் மணி வருதே, எப்படி விடுவாங்க?' என்று கேட்பதை விட, இன்னும் கைவிட்டுப் போகாத காசு எவ்வளவு என்று கேட்பதே சரி.

விடறதுக்கும் வேற அணிக்கு டிரேட் பண்றதுக்கும் கணக்குல என்னங்க வித்தியாசம்? – வாசகி, பீளமேடு

போனஸ் பங்கைப் பொறுத்தவரை ஒரு வித்தியாசமும் இல்லை. போனஸைக் கொடுத்தவர் யாரோ அவர் தலையில்தான் அது விடியும். வீரரோடு புது அணிக்குப் போகாது.

வித்தியாசம் கேரண்டி சம்பளத்தில். மேலே சொன்ன வீரரின் மூன்றாம் வருச 1 கோடியில் 60 லட்சம் கேரண்டி என்று எழுதியிருந்தால், அணி அவரை விட்டாலும் அந்த 60 லட்சத்தைத் தந்தாக வேண்டும். செத்த காசு 1.5 கோடியோடு 60 லட்சம் சேர்ந்து 2.1 கோடி. வைத்துக்கொண்டால் 1.5 கோடிதான். அப்போது விடுவது சுத்த முட்டாள்தனம். டிரேட் செய்தால் அடிப்படைச் சம்பளம், அதன் கேரண்டி, இனிமேல் வரவேண்டிய போனஸ் எல்லாம் புது அணியின் பொறுப்பு. பழைய அணிக்கு 1.5 கோடியோடு முடிந்தது. கேரண்டி பாக்கி இருக்கும் வீரருக்கு அணிகள் முதலில் டிரேடுக்கு ஆள் தேடுவது அதனால்தான்.

தடைகளும் உண்டு. புது அணியின் மருத்துவப் பரிசோதனையில் வீரர் தேற வேண்டும். தேறாவிட்டால் டிரேட் ரத்து. சிலர் 'என் சம்மதமில்லாமல் கைமாற்றக் கூடாது' என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருப்பார்கள். அவர் தலையாட்டினால்தான் உண்டு.

எதிர்ப்பக்க வித்தையும் ஒன்று இருக்கிறது. 2021 நவம்பரில் டென்வர் அணி வான் மில்லரை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்குக் கொடுத்தபோது, அந்த சீசனில் பாக்கி இருந்த சம்பளத்தில் 90 லட்சத்தைத் தானே ஏற்றுக்கொண்டது. ராம்ஸின் வரம்பில் அவர் அடைத்த இடம் அற்பம். பதிலுக்கு டென்வருக்கு டிராஃப்டில், அதாவது கல்லூரி வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் தேர்வில், இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று வாய்ப்புகள் கிடைத்தன. பேசி முடித்தால் சந்தைக்குப் போகும் வண்டி வாடகையை விற்கிறவரே கொடுத்து நல்ல விலை வாங்குவதில்லையா, அதே கதை.

ஜூன் 1, ஜூன் 1-னு எல்லா செய்தியிலும் வருது. அன்னைக்கு என்னதாங்க நடக்குது? – வாசகர், உடுமலைப்பேட்டை

ஜூன் 1 தாண்டி வீரர் போனால் அந்த வருசப் பங்கு மட்டும் அந்த வருசத்தில். மீதி மொத்தமும் அடுத்த வருசத்தில். நம் வீரரை மார்ச்சில் விட்டால் மிச்சம் பூஜ்யம் என்று பார்த்தோம். ஜூன் 2-இல் விட்டால் இந்த வருசம் 50 லட்சம்தான் விழும், 1 கோடி இடம் பிறக்கும். அடுத்த வருசம் மீதி 1 கோடி வந்து நிற்கும்.

ஆனால் ஜூன் வரை வீரரைப் பிடித்து வைத்தால் அவர் வேறு அணி தேட முடியாது. நல்ல இடமெல்லாம் மார்ச்சிலேயே போய்விடும். அதற்காக ஒரு சலுகை: ஒரு அணி வருசத்துக்கு இரண்டு பேரை மார்ச்சிலேயே விட்டுவிட்டு, 'இதை ஜூன் 1-க்குப் பிந்தியதாகக் கணக்கு எழுதுங்கள்' என்று குறித்துக் கொடுக்கலாம். வீரருக்கு உடனே விடுதலை. அணிக்கு மட்டும் ஒரு இடறல்: அவருடைய முழுத் தொகையும் ஜூன் 2 வரை வரம்பில் அப்படியே உட்கார்ந்திருக்கும். மார்ச்சில் நல்ல வீரர்கள் சந்தையில் நிற்கும்போது அந்த இடம் கையில் இருக்காது. டிராஃப்டில் எடுத்த புதுப் பையன்களின் கையெழுத்துக்கும், சீசன் நடுவில் யாருக்காவது காலுடைந்தால் ஆள் எடுக்கவுமே அது உதவும். மார்ச்சில் பெரிய ஆளை வாங்கவே இந்தக் குறிப்பு என்று ரசிகர்கள் எழுதுவது தப்பு.

டிரேடுக்கு இந்தச் சலுகை கிடையாது. நிஜமாகவே ஜூன் 1 தாண்டிச் செய்ய வேண்டும். அட்லாண்டா அணி ஜூலியோ ஜோன்ஸ் விஷயத்தில் அதைத்தான் செய்தது. 2021-இல் அவர் அடைக்க வேண்டிய இடம் 2.305 கோடி: சம்பளம் 1.53 கோடி, போனஸ் பங்கு 77.5 லட்சம். ஜூனுக்கு முன் கைமாற்றியிருந்தால் 2.325 கோடி ஒரேயடியாக விழுந்திருக்கும், அதாவது ஆளையும் கொடுத்து மேலே 2 லட்சம் நட்டம். ஜூன் 6 அன்று டென்னசிக்குக் கொடுத்தார்கள். 2021-இல் 77.5 லட்சம், 2022-இல் 1.55 கோடி என்று இரண்டாகப் பிரிந்தது, 1.53 கோடி இடம் அந்த வருசமே கிடைத்தது.

கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அடுத்த மார்ச்சில் அதே அணி, பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கான மேட் ரயனை ஒரு மூன்றாம் சுற்று வாய்ப்புக்காக இண்டியானாபொலிஸுக்குக் கொடுத்தது. அவர் விட்டுப்போன செத்த காசு 4.0525 கோடி, அன்றைக்கு ஒற்றை வீரருக்கு அதுவே உச்சம். ஜூலியோவின் 1.55 கோடியும் சேர, 2022-இன் வரம்பான 20.82 கோடியில் நாலில் ஒரு பங்குக்கு மேல், அணியில் இல்லாத இரண்டே பேருக்குப் போயிற்று. மீதியை வைத்துக்கொண்டு ஆடி 7 வெற்றி, 10 தோல்வி.

ரசல் வில்சனுக்கு 8.5 கோடி டாலர் செத்த காசுன்னு சொல்றாங்க. டென்வர்காரங்களுக்கு கணக்கு தெரியாதுங்களா? – வாசகர், கோபிசெட்டிபாளையம்

தெரிந்துதான் செய்தார்கள். குவார்ட்டர்பேக் வில்சனை 2022 மார்ச்சில் சியாட்டிலிலிருந்து வாங்கினார்கள். அப்போதே சியாட்டிலின் கணக்கில் 2.6 கோடி விழுந்தது. பழைய ஒப்பந்தத்தில் இரண்டு வருசம் பாக்கி இருந்தும், வில்சன் டென்வருக்காக ஒரு ஆட்டம்கூட ஆடுவதற்கு முன், அந்த செப்டம்பரில் 24 கோடிக்கு மேல் போகும் ஐந்து வருச நீட்டிப்பு எழுதினார்கள். தப்பு என்றால் அங்கேதான் தப்பு.

2024 மார்ச்சில் நிலைமை இது. அந்த வருசச் சம்பளம் 3.9 கோடி முழுக்க கேரண்டி. விட்டாலும் தர வேண்டும், வைத்தாலும் தர வேண்டும். அது போன காசு. ஆனால் மார்ச் 17 அன்று அவர் அணியில் இருந்தால் 2025-க்கான 3.7 கோடியும் கேரண்டி ஆகிவிடும். அதுதான் இன்னும் கைவிட்டுப் போகாத காசு. அதைக் காப்பாற்ற அவரை விட்டுவிட்டு 8.5 கோடிப் பேச்சை வாங்கிக் கட்டிக்கொண்டார்கள். ஜூன் 1 குறிப்பு போட்டதால் 2024-இல் 5.3 கோடி, 2025-இல் 3.2 கோடி என்று பிரிந்தது.

அதில் சிரிப்பு மூட்டும் பகுதி, வில்சனை அடுத்து எடுத்த பிட்ஸ்பர்க் அணியுடையது. ஒப்பந்தத்தில் ஈடுகட்டும் விதி இருந்தது: வேறு அணி வில்சனுக்கு எவ்வளவு தருகிறதோ அவ்வளவு டென்வருக்குக் குறையும். எப்படியும் அவர் கைக்கு 3.9 கோடிதான் வரும். ஆகவே பிட்ஸ்பர்க் சட்டப்படி தரக்கூடிய மிகக் குறைந்த 12.1 லட்சத்துக்கு அவரை எடுத்துக்கொண்டது. மீதி 3.779 கோடியை டென்வர் கட்டியது. தன்னோடு மோதக்கூடிய அணியின் குவார்ட்டர்பேக்குக்கு டென்வர் சம்பளம் கொடுத்த வருசம் அது. அந்த வருசமே டிராஃப்டில் எடுத்த போ நிக்ஸை வைத்து அவர்கள் பிளேஆஃப் போனதும் உண்மை. புது வீரரின் சம்பளம் சல்லிசு என்பதால்தான் தாங்க முடிந்தது.

எங்க பனியன் கம்பெனியில பேங்க் தவணையை மாத்தி எழுதற மாதிரி, அங்கயும் 'ரீஸ்ட்ரக்சர்'னு சொல்றாங்க. வீரருக்குச் சம்பளம் குறையுதுங்களா? – வாசகர், திருப்பூர்

ஒரு காசு குறையாது. சொல்லப்போனால் அவருக்கு லாபம். வாரச் சம்பளமாக வர வேண்டியது மொத்தமாக முன்கூட்டியே கைக்கு வருகிறது.

நம் வீரரின் மூன்றாம் வருசத்துக்கே போவோம். 1 கோடிச் சம்பளத்தில் 13 லட்சத்தை மட்டும் சம்பளமாக விட்டுவைத்து (ஏழு வருசம் தாண்டிய வீரருக்கு 2025-இல் குறைந்தபட்சம் 12.55 லட்சம், அதற்குக் கீழே போக முடியாது) மீதி 87 லட்சத்தைப் போனஸாக மாற்றுகிறார்கள். பாக்கி மூன்று வருசம், வருசத்துக்கு 29 லட்சம். இந்த வருசக் கணக்கு: 13, 29, பழைய பங்கு 50, ஆக 92 லட்சம். முன்பு 1.5 கோடியாக இருந்தது. 58 லட்சம் இடம் பிறந்துவிட்டது.

இப்போது நாலாம் வருச மார்ச்சில் அவரை விடப் பாருங்கள். முன்பு செத்த காசு 1 கோடி, இப்போது 1.58 கோடி. வைத்துக்கொண்டால் 1.99 கோடி. மிச்சம் 70 லட்சமாக இருந்தது 41 லட்சமாகிவிட்டது. சரிந்துவரும் வீரருக்கு ரீஸ்ட்ரக்சர் போடுவது அவரை விடமுடியாதபடி நம் கையை நாமே கட்டிக்கொள்வது. எந்த அணியின் அனுபவ வீரர் பெயரைப் பார்த்தாலும் முதலில் அவருக்கு எத்தனை முறை ரீஸ்ட்ரக்சர் ஆகியிருக்கிறது என்று பாருங்கள். பாதி பதில் அங்கேயே கிடைத்துவிடும்.

இதன் அண்ணன் 'வாய்டு வருசம்'. ஒப்பந்தத்தின் வாலில் இரண்டு மூன்று பொய் வருசங்களை ஒட்டுவார்கள். அந்த வருசத்தில் வீரர் ஆடப்போவதில்லை என்று இரு தரப்புக்கும் தெரியும். பங்கு போட மட்டுமே அது. மேலே 87 லட்சத்தை மூன்றாக வகுத்ததை, இரண்டு பொய் வருசம் சேர்த்து ஐந்தாக வகுத்தால் பங்கு 17.4 லட்சம்தான். ஒப்பந்தம் தானாக முடியும் நாளில் மீதி அத்தனையும் ஒன்றாக விழும். டாம் பிரேடி 2023-இல் ஓய்வு பெற்ற பிறகு டாம்பா பே அணியின் கணக்கில் சுமார் 3.5 கோடி நின்றது இந்த வழியில்தான்.

ஒரு அணி வீரரையும் கொடுத்து, மேல டிராஃப்ட் வாய்ப்பையும் கொடுத்ததுன்னு படிச்சேன். எழுத்துப் பிழைங்களா? – வாசகர், ஈரோடு

பிழை இல்லை. 2017 மார்ச், ஹியூஸ்டன் அணி, பிராக் ஆஸ்வைலர். முந்தைய வருசம் நாலு வருசம் 7.2 கோடிக்கு எழுதிய ஒப்பந்தம். முதல் வருசமே ஏமாற்றம். இரண்டாம் வருசச் சம்பளம் 1.6 கோடி கேரண்டி. விட்டால் அதுவும் விழும், போனஸ் பாக்கி 90 லட்சமும் விழும். கிளீவ்லாந்திடம் நிறைய இடம் சும்மா கிடந்தது. 'இவரை எடுத்துக்கோங்க, கூடவே 2018 இரண்டாம் சுற்று வாய்ப்பையும் வெச்சுக்கோங்க' என்று தள்ளிவிட்டார்கள். ஹியூஸ்டனுக்கு 90 லட்சத்தோடு போயிற்று. கிளீவ்லாந்து செப்டம்பரில் ஆஸ்வைலரை விட்டுவிட்டு 1.5 கோடிக்கு மேல் சம்பளம் கட்டியது. அந்த வாய்ப்பில் எடுத்த ஆள், பிறகு நட்சத்திர ஓட்டக்காரராக வளர்ந்த நிக் சப். நம் பார்வையில் 1.5 கோடிக்கு அது மலிவு.

அடிபட்ட வீரரை விட முடியாதாமே? – வாசகர், நாமக்கல்

ஆட்டத்தில் அடிபட்டு ஆட முடியாமல் இருப்பவரை 'ஆட்டம் போதவில்லை' என்று சொல்லி விட முடியாது. சம்பளம் தர வேண்டும், அல்லது இத்தனை வாரத்துக்கு இவ்வளவு என்று பேசித் தீர்க்க வேண்டும். அதைவிடப் பெரிய பயம் 'அடிபட்டால் கேரண்டி' என்ற வரி. 2022 சீசன் கடைசியில் லாஸ் வேகாஸ் அணி, ஆடக்கூடிய நிலையில் இருந்த குவார்ட்டர்பேக் டெரிக் கார் என்பவரை இரண்டு ஆட்டம் வெளியே உட்கார வைத்தது. அடிபட்டு உடல் தகுதி இழந்திருந்தால் 4.04 கோடி அப்போதே உறுதியாகியிருக்கும். அடிபடாவிட்டாலும் 2023 பிப்ரவரி 15 அன்று அது கேரண்டி ஆவதாக இருந்தது. டிரேடுக்கு அவர் சம்மதிக்கவில்லை. 14-ஆம் தேதி விட்டுவிட்டார்கள்.

அனுபவ வீரருக்கு இன்னொரு காவல் இருக்கிறது. நாலு சீசன் முடித்தவர் முதல் வார ஆட்டத்தன்று அணியில் இருந்தால், பிறகு விட்டாலும் அந்த வருசச் சம்பளத்தை அவர் கேட்டு வாங்கலாம். ஆயுளில் ஒரு முறை. அதனால் ஆகஸ்ட் கடைசியில் 90 பேரை 53 ஆகக் குறைக்கும்போது சில பெரியவர்களை விட்டுவிட்டு, முதல் ஆட்டம் முடிந்த செவ்வாய், புதன் வாக்கில் மறுபடி கூப்பிட்டு எடுப்பார்கள். பேப்பரில் 'திடீர் நீக்கம்' என்று வந்தால் ஒரு வாரம் பொறுத்துப் பாருங்கள்.

வீரரே 'போதும்'னு ஓய்வு எடுத்துட்டா? – வாசகி, பொள்ளாச்சி

வரம்புக் கணக்கில் அணி அவரை விட்ட மாதிரிதான், பங்குகள் விழும். ஆனால் இங்கே தறிக்கார முன்பணக் கதை முழுசாகப் பொருந்தும்: ஆடாத வருசங்களுக்கான போனஸ் பங்கை அணி திருப்பிக் கேட்கலாம். கேட்பதும் கேட்காததும் அவரவர் மனசு. டெட்ராய்ட் அணி 2016-இல் ஓய்வு பெற்ற கால்வின் ஜான்சனிடம் 10 லட்சத்துக்கு மேல் திரும்ப வாங்கியது. அந்த மனத்தாங்கல் வருசக்கணக்கில் ஓடியது. 2019 ஆகஸ்டில் ஆண்ட்ரூ லக் திடீரென்று விலகியபோது இண்டியானாபொலிஸ் 2.48 கோடியைக் கேட்கவே இல்லை.

சில பேர் அணிக்கு உதவியே விட்டுப் போவார்கள். ட்ரூ பிரீஸ் 2021-இல் தன் 2.5 கோடிச் சம்பளத்தை 10.75 லட்சமாகக் குறைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு, ஜூன் 1 வரை பெயரளவில் பட்டியலில் இருந்தார். பங்குகள் இரண்டு வருசமாகப் பிரிய அது வழிவிட்டது.

இணையத்துல '70 லட்சம் மிச்சம்'னு போட்டா அப்படியே நம்பலாமுங்களா? – வாசகர், கரூர்

இல்லை, கொஞ்சம் கழித்துக்கொள்ளுங்கள். சீசன் தொடங்கும் வரை, வரம்பில் எண்ணுவது அதிகச் சம்பளமுள்ள முதல் 51 பேரை மட்டும். ஒருவர் போனால் 52-ஆவது ஆள் மேலே ஏறி எண்ணிக்கைக்குள் வருவார். அவர் புதுப் பையன் என்றால்கூட 2025 கணக்கில் 8.4 லட்சம். 70 லட்சம் என்பது நிஜத்தில் 61.6 லட்சம். போனவர் இடத்துக்கு ஆள் வாங்க வேண்டும் என்றால் இன்னும் குறையும்.

நீங்களே போட்டுப் பார்க்க மூன்று எண் போதும். அந்த வருசம் அவர் அடைக்கும் மொத்தம், விட்டால் விழும் செத்த காசு, இனிமேல் கேரண்டி ஆகப்போகும் தொகையும் அதன் தேதியும். முதல் இரண்டையும் எல்லாரும் பார்ப்பார்கள். மூன்றாவதைப் பார்ப்பவர்தான் எந்த வீரர் எந்த வாரம் போவார் என்று சொல்லிவைத்த மாதிரி சொல்வார்.

வரம்பைத் தாண்டிட்டா என்ன ஆகும்? எப்போ தெரியும்? – வாசகர், மேட்டுப்பாளையம்

லீக் வருசம் மார்ச் நடுவில் நியூயார்க் நேரம் மாலை 4 மணிக்குத் தொடங்கும். அந்த நிமிசம் எல்லா அணியும் வரம்புக்குள் இருந்தாக வேண்டும். 2025-இல் வரம்பு 27.92 கோடி, 1994-இல் தொடங்கியபோது 3.46 கோடி. கொரோனாவால் 2021-இல் 18.25 கோடியாக இறங்கிய வருசத்தில் நல்ல நல்ல அனுபவ வீரர்கள் கொத்தாக வெளியே வந்தார்கள். செலவழிக்காத இடத்தை அடுத்த வருசத்துக்குக் கொண்டுபோகலாம் என்பதால், ஜூன் 1 கணக்கு போட்ட புத்திசாலி அணி மிச்சத்தைத் தொடாமல் அடுத்த வருச அடிக்கு எடுத்து வைப்பதும் உண்டு.

நம் ஊர் நேரம் நள்ளிரவு 1.30. கடைசிக் கழற்றல்கள் எல்லாம் அதற்கு முந்தைய இரண்டு நாளில் வரும். விடிய விடிய உட்கார வேண்டாம், காலையில் பார்த்துக்கொள்ளலாம்.